முழு பிரேக்கை ஒருமுறையாவது மிதித்திருக்கிறீர்களா? – திறந்தவெளி கார் கட்டுப்பாட்டுப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்கு வெளியே, சுற்றுச்சுவர் போட்ட ஒரு பழைய கிடங்கின் கான்கிரீட் முற்றத்தை வாடகைக்கு எடுத்து, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் நண்பர்கள் மூவரும் இந்தப் பயிற்சியை நடத்துகிறோம். வருபவர்கள் பெரும்பாலும் அலுவலகத்துக்கும் ஊருக்கும் கார் ஓட்டுபவர்கள். பந்தயக்காரர்கள் அல்ல. போனிலும் நேரிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

லைசென்ஸ் வாங்கிப் பத்து வருஷம் ஆச்சு. இதுவரை ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு எதுக்கு இந்தப் பயிற்சி?

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தப் பத்து வருஷத்தில் பிரேக்கை அது போகும் மட்டும், முழு பலத்தோடு, எத்தனை முறை மிதித்திருக்கிறீர்கள்? வருபவர்கள் எல்லாரிடமும் முதலில் இதைத்தான் கேட்போம். பாதிப் பேர் "ஒருமுறைகூட இல்லை" என்பார்கள். மீதிப் பேர் "ஒருதடவை நாய் குறுக்கே வந்தப்போ" என்று ஆரம்பிப்பார்கள்.

எட்டுப் போட்டு, ரிவர்ஸ் எடுத்து, மேட்டில் நிறுத்திக் கிளப்பி லைசென்ஸ் வாங்கினோம். அந்தத் தேர்வில் வேகம் 20-ஐத் தாண்டவே இல்லை. வழுக்கினால் கார் என்ன செய்யும், டயர் எந்த இடத்தில் பிடியை விடும், அப்போது ஸ்டீயரிங் கையில் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் காட்டித் தரவில்லை. உயிர் போகிற நேரத்தில்தான் முதல்முறையாக அதைப் பார்க்கிறோம். இது சரியில்லை என்று எனக்குப் பட்டது. அதனால்தான் இந்தப் பயிற்சி.

பாதுகாப்பான இடம்னா எது? விடியற்காலை ஈ.சி.ஆர்.ல ஆளே இருக்காதே, அங்க பழகலாமா?

கூடாது. ஆளில்லாத சாலை என்று ஒன்று நம் ஊரில் கிடையாது. ஐந்து மணிக்கு மீன்கூடையோடு டி.வி.எஸ். ஃபிஃப்டி வரும், மாடு வரும், நடைப்பயிற்சிக்குப் போகிறவர் வருவார். யாரும் வராவிட்டாலும் புளியமரமும் மின்கம்பமும் நடுத்திட்டும் அங்கேயே இருக்கும். பொது இடத்தில் அனுமதியில்லாமல் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

தவறு செய்தால் எதன்மீதும் மோதாமல் கார் தானாக நிற்கும் அளவுக்கு நாலு பக்கமும் காலியிடம் இருக்க வேண்டும். எங்கள் முற்றம் 200 மீட்டர் நீளம். அதில் கார் ஓடுவது 120 மீட்டர் மட்டுமே, மீதி சறுக்கி நிற்பதற்கு. ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். வேடிக்கை பார்க்க வருபவர்கள் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும், குழந்தைகளைக் கூட்டி வரவே கூடாது.

இதைவிட நல்ல இடம் முறையான பந்தயத் தடம். ஒருகாலத்தில் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில்தான் கார் பந்தயம் நடந்தது. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளத்தில் தனித் தடம் வந்தது. கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே நடக்கும் பயிற்சிகளில் சேர முடிந்தால் சேருங்கள். தடத்தைக் கண்காணிக்கும் மார்ஷல்கள், ஆம்புலன்ஸ், வளைவுக்கு வெளியே சறுக்கி நிற்க இடம் எல்லாம் அங்கே தயாராக இருக்கும்.

காரோட எல்லையைத் தொடணும்னா 120, 140-ல போகணுமே. அது எப்படிப் பாதுகாப்பு?

எல்லையைத் தொட வேகம் தேவையில்லை. வட்டம் சிறியதாக இருந்தால் போதும். 15 மீட்டர் ஆரத்தில் கோன்களை வட்டமாக அடுக்கி, அதைச் சுற்றி ஓட்டச் சொல்கிறோம். உலர்ந்த கான்கிரீட்டில் 40 கி.மீ. வேகத்தை நெருங்கும்போதே டயர் கத்த ஆரம்பித்துவிடும், முன்பக்கம் வட்டத்தை விட்டு வெளியே நழுவும். டேங்கர் தண்ணீரைத் தளத்தில் ஊற்றிவிட்டால் அதே சறுக்கல் 30-லேயே வந்துவிடும். நெடுஞ்சாலையில் 100-ல் நடப்பதும் இங்கே 30-ல் நடப்பதும் டயரைப் பொறுத்தவரை ஒன்றுதான். சாலையில் மரம் இருக்கும், இங்கே ரப்பர் கோன் இருக்கிறது.

முதல் பாடம் என்ன?

உட்காருவது. சிரிக்காதீர்கள், ஒரு மணி நேரத்தில் கால் பங்கு இதற்கே போய்விடும். முதுகும் தோளும் சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பிரேக்கை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். கால் முழுக்க நீண்டுவிட்டால் பலம் இருக்காது. கைகள் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும். நம்மில் பலர் ஈசிசேரில் சாய்ந்ததுபோல உட்கார்ந்து, ஒற்றைக் கையை உச்சியில் வைத்து ஓட்டிப் பழகியவர்கள். அந்த நிலையில் அவசரத்துக்கு ஸ்டீயரிங்கைத் திருப்பவும் முடியாது, பிரேக்கை உதைக்கவும் முடியாது.

அடுத்து, முழு பிரேக். 40-ல் வந்து இரண்டு சிவப்புக் கோன்களைத் தாண்டியதும் உதைக்க வேண்டும். "மிதிங்க" என்று சொல்வதில்லை, "உதைங்க" என்றுதான் சொல்வோம். பெரும்பாலானவர்கள் முதல்முறை பாதி அழுத்தத்தோடு நிறுத்திவிடுவார்கள். கார் குலுங்குமே, வண்டிக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று கால் தயங்கும். மூன்றாவது, நான்காவது முறையில்தான் தயக்கம் விடும்.

தாம்பரத்திலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியை நினைவுக்கு வருகிறார். முதல் மூன்று முறையும் மெல்ல, மரியாதையாக நிறுத்தினார். நான்காவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தார். சீட் பெல்ட் இறுகி அவரைப் பிடித்தது, டயர் கீச்சிட்டது. பின்சீட்டில் வைத்திருந்த எவர்சில்வர் டப்பா பறந்து வந்து கியர் பக்கம் விழுந்து, தயிர்சாதம் டேஷ்போர்டு வரை தெறித்தது. நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தார். "இவ்வளவு சீக்கிரம் நிக்குமா சார் இது?" என்றார். ஆறு வருஷமாக அதே காரைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து பயிற்சி தொடங்கும் முன் எல்லாக் காரையும் காலி செய்யச் சொல்கிறோம். முன்சீட்டின் அடியில் உருளும் தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்குக் கீழே போய் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் கார்ல ஏபிஎஸ் இருக்கு. அதுவே பார்த்துக்காதா?

ஏபிஎஸ் இல்லாமல் இந்தப் பக்கத்தையே நான் எழுதியிருக்க மாட்டேன். 2012-ல் திண்டிவனம் தாண்டி, மழைத் தூறலில், முன்னால் போன வேன் திடீரென நின்றது. பிரேக்கை அழுத்தினேன். காலடியில் பெடல் டடடடவென்று அதிர்ந்தது, எதிர்த்துத் தள்ளியது. என்னவோ உடைந்துவிட்டது என்று நினைத்துக் காலை எடுத்துவிட்டேன். மோதினேன். யாருக்கும் பெரிய அடியில்லை. மெக்கானிக்கிடம் போய் "பிரேக் உடைஞ்சுபோச்சு" என்றபோது அவர்தான் சொன்னார்: "அதான் சார் ஏபிஎஸ். அது அப்படித்தான் பண்ணும்." அந்தக் கார் நிற்கத்தான் பார்த்தது. தடுத்தது என் கால்.

அழுத்தம் கூடிச் சக்கரம் உருளாமல் பூட்டிக்கொள்ளப் போகும் கணத்தில் பிரேக்கை ஒரு நொடியில் பலமுறை விட்டு விட்டுப் பிடிப்பதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் மின்னணு ஏபிஎஸ் வந்தது. நம் நாட்டில் புதிய கார்களுக்கு 2019 ஏப்ரலில்தான் கட்டாயமானது. அதனால் கிடைக்கும் பெரிய பயன், முழு பிரேக்கிலும் ஸ்டீயரிங் வேலை செய்யும் என்பது. பூட்டிய சக்கரம் காரைத் திருப்பாது, உருளும் சக்கரம்தான் திருப்பும். ஆகவே மூன்றாவது பாடத்தில், 50-ல் வந்து முழு பிரேக்கை உதைத்து, காலை எடுக்காமலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒரு அட்டைப்பெட்டியைச் சுற்றிப் போக வேண்டும். பெடல் அதிரும், அதிரட்டும், காலை அழுத்தியே வைத்திருங்கள். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டு போனாலே அந்த ஞாயிற்றுக்கிழமை வீணாகவில்லை என்பேன்.

ஏபிஎஸ் பிடியை உண்டாக்காது, இருக்கிற பிடியைப் பங்கிட்டுத் தருகிறது, அவ்வளவுதான். மணல் படிந்த சாலையிலும் சரளையிலும் ஏபிஎஸ் உள்ள கார் நிற்க இன்னும் அதிக தூரம்கூட எடுக்கும்.

60-க்கும் 80-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? 20 தானே?

நல்ல உலர்ந்த தாரில் 60-ல் முழு பிரேக் போட்டால் கார் ஏறக்குறைய 18 மீட்டரில் நிற்கும். 80-ல் 31, 32 மீட்டர் ஆகும். 100-ல் 50 மீட்டரை நெருங்கும். இதெல்லாம் பிரேக் பிடித்த பிறகான தூரம் மட்டுமே. ஆபத்தைக் கண்டு கால் பெடலுக்குப் போக ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், 80-ல் அந்த ஒரு நொடிக்குள் 22 மீட்டர் போய்விடும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஒன்று 60, மற்றொன்று 80. இரண்டும் ஒரே கோட்டில் முழு பிரேக் போடுகின்றன. 60-ல் வந்தது எந்த இடத்தில் நின்றதோ, அதே இடத்தை 80-ல் வந்த கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 53 இருக்கும். ஒருவருக்கு ஒன்றும் ஆகாத இடத்தில் இன்னொருவர் 53 கி.மீ. வேகத்தில் மோதுகிறார். இந்தக் கணக்கைத் தளத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுவோம். 40-ல் நின்ற கோடு, 50-ல் நின்ற கோடு, 60-ல் நின்ற கோடு. கோடுகளுக்கு இடையே வந்தவர்கள் நடந்து பார்ப்பார்கள். அப்போது யாரும் பேச மாட்டார்கள்.

வளைவுல கார் ஏன் வெளியே தள்ளிக்கிட்டுப் போகுது?

காரும் சாலையும் தொட்டுக்கொள்வது நாலே நாலு உள்ளங்கை அளவு ரப்பரில். பிரேக் போடுவது, திரும்புவது, முடுக்குவது எல்லாம் அந்த நாலு உள்ளங்கை வழியாகத்தான். கையில் நூறு ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்குக்கே நூறையும் கொடுத்துவிட்டால் திரும்புவதற்குச் செலவழிக்க ஒன்றும் இல்லை. (சரியான கணக்கு நேராகக் கழிப்பதல்ல, ஆனால் ஸ்டீயரிங் பிடிக்கும்போது இந்த அளவு நினைவிருந்தால் போதும்.) அதனால்தான் வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

முன்சக்கரம் பிடி விட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகப் போகும். இது அண்டர்ஸ்டியர். நம் சாலைகளில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை என்பதால் முதலில் வருவது இதுதான். கை தானாகவே இன்னும் திருப்பும், அதில் பயனில்லை. ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்கினால் டயர் மறுபடி பிடிக்கும். திருப்பினாலும் போகாத காரைத் திருப்பத்தைக் குறைத்துப் போக வைப்பது மூளைக்கு ஒப்பாது. வட்டத்தில் இருபது சுற்று சுற்றினால்தான் கை ஒப்புக்கொள்ளும்.

பின்சக்கரம் விட்டால் பின்பக்கம் வீசும், அது ஓவர்ஸ்டியர். வளைவின் நடுவில் பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் முன்சக்கர இழுவைக் காரிலும் இது வரும், ஏனென்றால் எடை முன்னுக்கு ஓடிப் பின்பக்கம் லேசாகிவிடும். பின்பக்கம் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசைக்கே ஸ்டீயரிங்கைத் திருப்பி, கார் நேரானதும் உடனே நேராக்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதியை மறப்பவர்கள் எதிர்ப் பக்கம் சுழன்றுவிடுவார்கள்.

கை கால் பத்தியே சொல்றீங்க. வேற என்ன?

கண். எதைப் பார்க்கிறோமோ அதன்மேல் போய் மோதுவோம். அட்டைப்பெட்டிப் பாடத்தில் பெட்டியைப் பார்த்தவர்கள் பெட்டியை அடித்தார்கள், பக்கத்துக் காலியிடத்தைப் பார்த்தவர்கள் தப்பினார்கள். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "வழியைப் பாருங்க, வழியைப் பாருங்க" என்று கத்துவது இதற்காகத்தான்.

புதுக் கார்ல ஈஎஸ்சி இருக்கு. சறுக்கினா அதுவே நேராக்கிடுமாமே?

உண்மைதான், மிக நல்ல விஷயம். ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் பிடித்து, நீங்கள் ஸ்டீயரிங்கில் காட்டிய திசைக்குக் காரைத் திருப்பப் பார்க்கும். 1997-ல் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று, குறுக்கே வரும் பெரிய மானிலிருந்து விலகுவதுபோல ஒரு சோதனை செய்தபோது மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கவிழ்ந்தது. அதன் பிறகே அந்தச் சின்னக் காரில் அந்தக் கம்பெனி இந்தக் கருவியைக் கட்டாயமாக வைத்தது. அங்கே மான், இங்கே எருமை. செய்ய வேண்டியது ஒன்றுதான், சட்டென்று ஒதுங்கி, சட்டென்று திரும்ப வர வேண்டும். ஈஎஸ்சி உள்ள காரில் அதை அணைக்கச் சொல்ல மாட்டோம். எப்போது அது வேலை செய்கிறது என்று மீட்டரில் மினுக்கும் விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் போதும். சாலையில் அந்த விளக்கு மினுக்கினால் நீங்கள் எல்லைக்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள்.

மழைக்காலத்துக்குன்னு தனியா ஏதாவது?

கோடைக்குப் பிறகு வரும் முதல் மழைதான் மோசம். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் ரப்பர் தூளும் தண்ணீரோடு கலந்து சோப்புபோல ஆகிவிடும். அரைமணி நேரம் பெய்து கழுவிய பிறகு கொஞ்சம் தேவலை. தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் டயர் தண்ணீர்மேல் மிதக்கும், ஸ்டீயரிங் திடீரென லேசாகிவிடும். அப்போது பிரேக்கும் வேண்டாம், திருப்பலும் வேண்டாம், ஆக்சிலரேட்டரை மட்டும் விடுங்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மழையில் அந்தக் காரை எடுக்கவே வேண்டாம். பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் தெரியும், ரப்பர் அந்த மேட்டு மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

சொந்தக் காரையே கொண்டு வரலாமா? டயர் தேயுமா? இன்ஷூரன்ஸ் இருக்குமா?

சொந்தக் கார்தான் வேண்டும். நாளைக்கு நீங்கள் ஓட்டப்போவது அதைத்தானே. டயர் கொஞ்சம் தேயும், பிரேக் சூடாகும். ஆகவே ஐந்து முறை உதைத்ததும் காரை ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆற விடுவோம், ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்த வேண்டாம் என்போம்.

காப்பீடு பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். தனியார் கார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பொருந்தாது என்று அச்சிட்டிருக்கும். எங்களிடம் நேரம் அளப்பதோ போட்டியோ கிடையாது, ஆனாலும் உங்கள் பாலிசியைப் படித்து, முகவரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

வருவதற்கு முந்தைய நாள் டயர் காற்றைச் சரிபார்க்கவும். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும், பங்க்கில் இருப்பவர் சொல்லும் பொது அளவு வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. பழைய டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் கெட்டித்துப்போய் வழுக்கும்.

கொல்லிமலை, வால்பாறை போறதுக்கு இது உதவுமா?

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வேண்டியது சறுக்கலைச் சமாளிக்கும் திறமையல்ல, கியர். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இறங்கும்போது பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் சூடேறி, கீழ்வளைவுகளில் பிடிக்காது. கருகின வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆற விடுங்கள்.

டிரிஃப்ட், அதான் பின்பக்கத்தை வேணும்னே சறுக்க விட்டு ஓட்டுறது, கத்துத் தருவீங்களா?

இல்லை.

இதையெல்லாம் கத்துக்கிட்டா பையன் இன்னும் வேகமா ஓட்ட ஆரம்பிச்சிட மாட்டானா?

பெற்றோர் கேட்கும் கேள்விகளில் மிகச் சரியான கேள்வி இது. நார்வேயில் வழுக்குத் தளத்தில் ஓட்டுவதைப் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயப் பயிற்சி ஆக்கினார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, பயிற்சி பெற்ற இளைஞர்களிடையே வழுக்குச் சாலை விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. சறுக்கினால் சமாளிக்கத் தெரியும் என்ற நம்பிக்கை வந்ததும் பனிச் சாலையில் வேகம் கூடிவிட்டது. அதன் பிறகு நார்டிக் நாடுகளில் பயிற்சியின் நோக்கமே மாறியது. சறுக்கலைச் சமாளிக்கச் சொல்லித் தருவதைவிட, எவ்வளவு எளிதாகச் சறுக்கும் என்று காட்டுவது முக்கியமானது.

நாங்களும் அதையே செய்கிறோம். சறுக்கிய காரை மீட்டவரைக் கைதட்டிப் பாராட்ட மாட்டோம். உடனே வேகத்தை ஐந்து கி.மீ. கூட்டி மறுபடி செய்யச் சொல்வோம். இந்த முறை முடியாது, கோனை இழுத்துக்கொண்டு போவார். "மீட்டுவிடலாம்" என்ற எண்ணம் எந்த ஐந்து கி.மீ.யில் பொய்யாகிறது என்பதை அவரே பார்க்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், முற்றத்தில் ஈரமான வட்டத்தில் மூன்று முறை சுழன்ற பிறகு, காரைவிட்டு இறங்கி ஈரத்தை ஷூ காலால் தேய்த்துப் பார்த்தான். "இவ்ளோதான் தண்ணியா அங்கிள்?" என்றான். அவ்வளவுதான் தண்ணீர்.

வேகப் பைத்தியம் உள்ள பையன்களை அழைத்துவரும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் கூடவே வந்து ஓட்டுங்கள். அப்பா முழு பிரேக்கை உதைத்துத் திணறுவதைப் பிள்ளை பார்க்கட்டும்.

எனக்குப் பயமா இருக்கு. வயசு 58. வரலாமா?

வாருங்கள் அம்மா. பயத்தோடு வருபவர்கள்தான் சொன்னதைக் கேட்பார்கள். 20-ல் தொடங்குவோம், உங்களுக்கு ஒத்துவரும் வேகத்தில் நிறுத்துவோம். கழுத்திலோ முதுகிலோ வலி இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள், முழு பிரேக் உடம்பை முன்னால் இழுக்கும்.

ஒருமுறை வந்தா போதுமா? மறுபடி எப்ப வரணும்?

டயர் மாற்றினால் வாருங்கள், கார் மாற்றினால் கட்டாயம் வாருங்கள். சின்ன ஹேட்ச்பேக்கிலிருந்து உயரமான எஸ்யூவிக்குப் போனவர்கள் பழைய காரின் கணக்கிலேயே வளைவை எடுப்பார்கள், அந்த உயரத்துக்கு அது ஒத்துவராது. மற்றவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு காலை போதும், வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில். காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும். ஷூ போட்டு வாருங்கள், செருப்போடு ஓட்ட விட மாட்டோம். டிக்கியில் இருக்கும் ஜாக்கி, தேங்காய், பழைய குடை எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.